பிடுங்குவதற்கு முன் முப்பது துண்டு

பழைய விதைத் தேயிலை மலையொன்றைப் பிடுங்கப்போகிறார்கள் என்ற பேச்சு எழும்போதெல்லாம் கூடவே ஒரு வார்த்தையும் வந்துவிடுகிறது: "கிழட்டு மரந்தானே, போகட்டும். இப்ப டீ.என்.ஏ. காலம். வேணுங்கிறத லெப்புல செஞ்சுக்கலாம்." படித்த பிள்ளைகளும் சொல்கிறார்கள், தோட்டக் கந்தோரில் இருப்பவர்களும் சொல்கிறார்கள். மனிதருக்கு மூலக்கலச் சிகிச்சை வந்துவிட்டது, பரம்பரையலகையே (ஜீனையே) வெட்டித் திருத்துகிறார்கள், ஒரு தேயிலைச் செடி என்ன பெரிய காரியம் என்பது அதன் உட்பொருள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் தவறணையில், அதாவது கன்று வளர்க்கும் நாற்றுமேடையில், ஒரு துண்டு எப்படி வேர்விடுகிறது, ஆய்வுகூடத்தில் அதே மரத்தின் ஒரு கலம் ஏன் செடியாக மறுக்கிறது என்ற இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் அந்த நியாயம் நிற்பதில்லை. தேயிலையின் டீ.என்.ஏ.யை வாசிக்கக் கற்றுக்கொண்டாயிற்று. அதில் எழுதும் வேலை இன்னும் கைக்கு வரவில்லை. எழுத வராதவரை, ஏற்கெனவே எழுதி நிற்பதைக் கிழித்துப் போடுவது புத்திசாலித்தனமா என்பதுதான் கேள்வி.

விதைத் தேயிலை மலையில் நின்றால் முதலில் கண்ணில் படுவது ஒழுங்கின்மை. ஒரு மரத்தின் இலை அகன்று வெளிர்பச்சையாக இருக்கும். அடுத்தது ஒடுங்கிக் கரும்பச்சையாக, விளிம்பெல்லாம் பல்லுப் பல்லாக நிற்கும். கவ்வாத்து (கிளை வெட்டு) முடிந்ததும் ஒன்று முந்திக்கொண்டு தளிர்விடும், பக்கத்து மரம் இரண்டு வாரம் யோசிக்கும். கொப்புள நோய் அடிக்கும் மழைநாட்களில் ஒரு மரத்தின் இளங்கொழுந்து முழுக்கக் கொப்புளம், அதோடு உரசி நிற்கும் மரத்தில் ஒன்றோ இரண்டோ. காரணம் எளியது. தேயிலைப் பூ தன் மகரந்தத்தைப் பெரும்பாலும் ஏற்பதில்லை, வேறு மரத்தின் மகரந்தம் வேண்டும். 30 நிறமூர்த்தங்களில் 15 தாயிடமிருந்து, மிச்சம் 15 எந்த நிரையில் நின்ற தகப்பனோ அவனிடமிருந்து. ஒவ்வொரு விதையும் அதற்கு முன் உலகில் இல்லாத ஒரு கலவை. 1824இல் சீனாவிலிருந்தும் 1839இல் அசாமிலிருந்தும் பேராதனைப் பூங்காவுக்கு வந்துசேர்ந்தவை, 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் நட்ட 19 ஏக்கர், அதன்பின் கோப்பி அழிந்த மலைகளிலெல்லாம் நம் பாட்டன்மார் குழிவெட்டி நட்டவை என, ஏறக்குறைய முதல் எண்பது ஆண்டுத் தேயிலை முழுவதும் விதையில் வந்தது.

வீ.பி. மலை, அதாவது விதையில்லாமல் தண்டுத் துண்டிலிருந்து எடுத்த கன்றுகளை நட்ட மலை, இதற்கு நேர்மாறு. நாலடிக்கு இரண்டடி இடைவெளி விட்டால் ஓர் ஏக்கருக்கு 5,445 கன்று. பார்ப்பதற்கு 5,445 மரம், டீ.என்.ஏ. கணக்கில் ஒரே மரம். ஒரு தாய்மரத்தின் தண்டைத் துண்டு துண்டாக வெட்டி வேர்விடவைத்ததால், அந்த மரமே அத்தனை இடத்திலும் நிற்கிறது. பலன் என்னவென்று தோட்டத்தில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை: கொழுந்து கூடும், தளிர் ஒரே நாளில் வரும், பறிக்கும் சுற்றைக் கணக்குப் பண்ணலாம். வீ.பி.யைக் குறை சொல்வது என் நோக்கமல்ல. ஆனால் தலவாக்கலை சென்கூம்ஸில் இருக்கும் தேயிலை ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட டி.ஆர்.ஐ. 2020 என்ற இலக்க வரிசைக் குளோன்களில் (ஒரே மரத்தின் நகல் வகைகளில்) பல, மலைநாடெங்கும் பரவிய டி.ஆர்.ஐ. 2025 உட்பட, ஏ.எஸ்.எம். 4/10 என்ற ஒரே அசாம் வகை மரத்தின் பிள்ளைகள். பெயர்ப்பலகையில் இலக்கம் மாறினாலும் ஒரே தாய் வயிறு.

தவறணையில் நடக்கும் மூலக்கல வேலை

மூலக்கலம், பத்திரிகைகளின் மொழியில் ஸ்டெம் செல், என்பது இன்னும் எதுவாகவும் ஆகிவிடாத கலம். பிரிந்துகொண்டே இருக்கும், சொன்னால் தோலாகவோ இரத்தமாகவோ ஆகும். முதிர்ந்த தோற்கலத்தை அந்த நிலைக்குத் திருப்ப முடியும் என்று ஷின்யா யமனாக்கா 2006இல் எலியில் காட்டினார். நான்கு பரம்பரையலகுகளை உள்ளே செலுத்த வேண்டியிருந்தது. 2012இல் நோபல் பரிசு கிடைத்தது. தேயிலைத் துண்டு இதை ஆண்டாண்டு காலமாகப் பொலித்தீன் பைக்குள் செய்துவருகிறது. அதை அருகிலிருந்து பார்ப்பவர்கள் தவறணையில் வேலைசெய்யும் பெண்கள்.

கவ்வாத்துப் பண்ணிய தாய்மரத்தைப் பறிக்காமல் நான்கு முதல் ஆறு மாதம் ஓடவிட வேண்டும். நீண்டு வளர்ந்த வாதில் (கிளையில்) நுனிப்பகுதி நீர்த்தன்மையானது, பைக்குள் அழுகிவிடும். அடிப்பகுதி கபிலமாகி முற்றியது, வேர்விடச் சோம்பும். நடுப்பகுதிதான் வேண்டும். துண்டு எடுப்பதற்கு இரண்டு வாரத்துக்கு முன் நுனிமொட்டைக் கிள்ளிவிட்டால் இலைக்கக்கத்தில் உறங்கும் மொட்டுகள் சற்றே புடைத்துக்கொள்ளும்; அப்படிப் புடைத்த துண்டு வேகமாக எழும்பும். காலை வெயில் ஏறுமுன் வெட்டி உடனே தண்ணீரில் போட வேண்டும். ஒரு துண்டுக்கு ஓர் இலை, ஒரு மொட்டு, இலைக்குக் கீழே மூன்று முதல் நான்கு சென்ரிமீற்றர் தண்டு. மேல்வெட்டு மொட்டுக்கு அரை சென்ரிமீற்றர் மேலே, சாய்வாக. கத்தி மழுங்கியிருந்தால் தண்டு நசியும், நசிந்த இடத்தில் பங்கசு நுழையும். "இலை மண்ணுல படக்கூடாது தங்கச்சி" என்று மூத்த பெண்கள் புதியவர்களை அதட்டுவது வெறும் வழக்கமில்லை: மண்ணில் படிந்த இலை அழுகும், இலை போனால் துண்டுக்குச் சாப்பாடு போடவும் வேர்விடத் தூண்டும் ஓமோனைக் கீழே அனுப்பவும் ஆளில்லை.

இனி மண்ணுக்குள் நடப்பது. மேல்மொட்டில் மூலக்கலங்கள் ஏற்கெனவே இருக்கின்றன. அவற்றை எழுப்பினால் போதும். வேருக்கு அப்படி எதுவும் இல்லை. தண்டு தண்டாகவே பிறந்தது. வெட்டுப்பட்டதும் மாறிழையத்தை (பட்டைக்கு உள்ளே இருக்கும் பிரியும் படையை) ஒட்டிய சில கலங்கள் தங்கள் பழைய வேலையை மறந்து பிரியத் தொடங்குகின்றன. வெட்டுவாயில் வெண்மையான திரட்சியொன்று உருவாகிறது, காலஸ் என்பார்கள். பிறகு அந்தக் கலங்களில் சில வேராக முடிவெடுக்கின்றன. இரண்டு மூன்று மாதத்தில் வேர் வந்திருக்கும். ஒன்பது மாதம் முதல் ஒரு வருடத்தில் கன்று மலைக்குப் போகும்.

பிழைப்பதும் சாவதும் மண்ணின் அமிலத்தன்மையில் தொங்குகிறது. பி.எச். 4.5க்கும் 5.5க்கும் இடையில் நின்றால் நல்லது. அதைத் தாண்டிப் போன மண்ணில் ஒரு விசித்திரம் நடக்கும்: துண்டு சாவதில்லை, இலை பச்சையாகவே இருக்கும், பிடுங்கிப் பார்த்தால் அடியில் உருண்டையாகப் பருத்த காலஸ், வேர் ஒன்றுகூட இருக்காது. கலங்கள் பிரிந்துகொண்டே இருக்கின்றன, எதுவாகவும் ஆகவில்லை. மேலே பச்சையைப் பார்த்து ஏமாந்து மாதக்கணக்கில் தண்ணீர் ஊற்றிய தவறணைகள் உண்டு. பை நிரப்புமுன் மண்ணைச் சோதித்து, தேவையானால் அலுமினியம் சல்பேற்றுக் கரைசல் ஊற்றி இறக்கிக்கொள்வது ஒரு நாள் வேலை. விட்டால் ஒரு பருவமே போய்விடும். மண் எங்கிருந்து வந்தது என்பதும் முக்கியம். பழைய தேயிலை மண்ணில் வேரைத் துளைக்கும் வட்டப்புழு இருக்கும், உயர்நிலத் தோட்டங்களில் பிரட்டிலெங்கஸ் லூசி என்ற வகை. தவறணையில் புகுந்தால் பையோடு சேர்ந்து புதுமலைக்கே போய்விடும்.

பிரிவது சுலபம், என்னவாக ஆவது என்று முடிவெடுப்பதுதான் கடினம் என்ற இந்தப் பி.எச். பாடத்தை மனதில் வைத்துக்கொண்டு ஆய்வுகூடத்துக்குப் போவோம்.

கபிலமாகும் இலை

தேயிலையிலிருந்து டீ.என்.ஏ. எடுப்பது நெல்லிலிருந்து எடுப்பதுபோல் சுகமான வேலையல்ல. இலையைக் கசக்கியதும் கலத்துக்குள் தனித்தனி அறைகளில் இருந்த பொலிபீனோல்களும் அவற்றை ஒட்சியேற்றும் நொதியமும் சந்தித்துக்கொள்கின்றன. பச்சை கபிலமாகிறது. தேயிலைத் தொழிற்சாலையில் உருளையில் போட்டு அரைத்து, பரப்பி, காத்திருந்து நாம் வரவழைப்பது இதைத்தான். இது நடக்காவிட்டால் கறுப்புத் தேநீரே இல்லை. அதே கபிலம் டீ.என்.ஏ.யின் மேல் பசைபோல் ஒட்டிக்கொண்டால் அந்த மாதிரியை எறிய வேண்டியதுதான். சோதனைக்குழாயின் அடியில் பால்வெள்ளை நூலாகத் திரள வேண்டியது சாயத்தண்ணி நிறத்தில் பிசுபிசுக்கும். அதை வைத்து அடுத்த படிக்குப் போனால் எந்த நொதியமும் வேலைசெய்யாது.

அதனால் முதல் கவனம் மலையிலேயே தொடங்குகிறது. பறித்த இலையைப் பொலித்தீன் பையில் போட்டு வெயிலில் வைத்தால் அது வாடல் அறைக்குப் போன கொழுந்துதான். ஒரு பங்கு இலைக்குக் குறைந்தது பத்துப் பங்கு சிலிக்கா ஜெல் போட்டு, இலையைச் சிறு கீற்றாகக் கிழித்து, ஒரு நாளைக்குள் நொறுங்கும் பதத்துக்கு உலர்த்திவிட்டால் மாதக்கணக்கில் கெடாது. ஆய்வுகூடத்தில் திரவ நைதரசனில் உறையவைத்துத் தூளாக்கி, உருகுமுன் 65 பாகைச் சூட்டில் இருக்கும், கலங்களை உடைக்கும் சி.ரி.ஏ.பி. கரைசலில் கொட்ட வேண்டும். அந்தக் கரைசலில் இரண்டு காவலர்கள்: பொலிபீனோலைப் பிடித்து வைத்துக்கொள்ளும் பி.வி.பி., ஒட்சியேற்றத்தைத் தடுக்கும் மேர்கப்டோஎதனோல் (அழுகிய முட்டை நாற்றம், திறந்த யன்னல் பக்கத்தில் வைத்துச் செய்யக்கூடாது, புகைபோக்கி அறைக்குள்தான்). முக்கால் மணி நேரம் வைத்து இடையிடையே மெதுவாகக் கவிழ்த்துத் திருப்பலாம். குலுக்கினால் நூல் அறுந்துவிடும். பிறகு குளோரோபோமும் ஐசோஅமைல் மதுசாரமும் 24க்கு 1 என்ற கலவை, சுழற்றிப் பிரித்தல், மேலே தெளிந்த நீர்ப்படையை மட்டும் எடுத்தல், குளிர்ந்த ஐசோபுரொப்பனோலில் திரட்டல், 70 வீத எதனோலில் கழுவல். மாதிரி ஒளியை உறிஞ்சும் அளவை எடுத்து, 260 நனோமீற்றரில் வருவதற்கும் 280இல் வருவதற்கும் இடையிலான விகிதம் 1.8 அளவில் வந்தால் புரதம் போய்விட்டது. 260க்கும் 230க்கும் இடையிலான விகிதம் தாழ்ந்து கிடந்தால் பொலிபீனோலும் மாச்சத்தும் இன்னும் அங்கே. அவசரக்காரர்கள் முதல் எண்ணை மட்டும் பார்த்துத் திருப்திப்பட்டு மறுநாள் வெறும் ஜெல்லைப் பார்த்து விழிப்பார்கள். மாதிரியைப் பத்து மடங்கு ஐதாக்கி ஓட்டினால் சிலவேளை காரியம் ஆகிவிடும், டீ.என்.ஏ. குறைந்தாலும் தடுக்கும் பொருளும் சேர்ந்து குறைகிறது.

இவ்வளவும் தாண்டினால் வாசிப்பு கைகூடும். ஒரே இரண்டு எழுத்து திரும்பத் திரும்ப வரும் இடங்கள் தேயிலையின் டீ.என்.ஏ.யில் நிறைய. ஒரு மரத்தில் 12 தடவை, இன்னொன்றில் 17 தடவை என்று நீளம் மாறும். அப்படிப் பத்துப் பன்னிரண்டு இடங்களை நகலெடுத்துப் பெருக்கி நீளம் பார்த்தால், டி.ஆர்.ஐ. 2025 என்று வாங்கிய கன்று உண்மையில் அதுதானா, தவறணையில் கலந்துவிட்டதா என்று தெரிந்துவிடும். விதை மரங்கள் ஒன்றுக்கொன்று எவ்வளவு தூரம் என்றும் தெரியும். எது நல்ல தேநீர் தரும், எது வரட்சிக்கு நிற்கும் என்று இந்த அடையாளங்கள் சொல்வதில்லை, இது அடையாள அட்டை மட்டுமே. 2017இல் சீனாவின் யுன்னான் வகைத் தேயிலையொன்றின் முழு டீ.என்.ஏ. வரிசையும் வெளியானது: ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள், மனிதனுடையதற்குக் கிட்டத்தட்டச் சமம், அதில் ஐந்தில் நான்கு பங்கு திரும்பத் திரும்ப வரும் சரக்கு. வாசிப்பு விடயத்தில் குறையொன்றும் இல்லை.

பேனை ஓடாத இடம்

எழுதுவதற்கு என்ன வேண்டும்? கிறிஸ்பர் என்ற கத்தரி தேயிலையின் டீ.என்.ஏ.யையும் வெட்டும்; அதில் சந்தேகமில்லை. வெட்டு நடப்பது ஒரு கலத்தில். அந்த ஒற்றைக் கலம் பிரிந்து, முடிவெடுத்து, தண்டும் வேருமுள்ள முழுக் கன்றாக எழும்பினால்தான் மலையில் நடலாம். 1957இல் ஸ்கூக்கும் மில்லரும் புகையிலையில் காட்டிய விதி இங்கேயும் பொருந்த வேண்டும்: ஒட்சின் என்ற ஓமோன் கூடினால் வேர், சைற்றோகைனின் என்ற ஓமோன் கூடினால் தளிர். புகையிலை சொன்னபடி கேட்டது. தேயிலை கேட்பதில்லை. வளர்ப்பூடகத்தில் வைத்த இலைத்துண்டின் வெட்டுவாய் கபிலமாகிறது, கசிந்த பொலிபீனோல் சுற்றியுள்ள ஜெல்லையும் கபிலமாக்கி, கலங்கள் தங்கள் சாறிலேயே மூச்சுத்திணறிச் சாகின்றன. தப்பிப் பிழைத்தவை காலஸாகின்றன, பெரும்பாலும் அதோடு நின்றுவிடுகின்றன. பி.எச். தப்பிய தவறணைப் பையில் பார்த்த அதே உருண்டை.

புதிய பரம்பரையலகைச் செடிக்குள் கொண்டுபோக வழக்கமாகப் பயன்படும் அக்ரோபக்ரீரியம் என்ற மண் பற்றீரியாவுக்கும் இங்கே வாழ்வில்லை. தேயிலையின் கட்டெச்சின்கள் என்ற பொலிபீனோல்கள் பற்றீரியாவைக் கொல்பவை. தேநீரின் நற்குணமென்று விளம்பரம் பண்ணும் அதே தன்மை, மரபணுப் பொறியியலாளரின் தபால்காரனை வாசலிலேயே அடித்துப் போடுகிறது. இலையை விட விதைக்குள் இருக்கும் வித்திலை நன்றாக ஒத்துழைக்கும். அதிலிருந்து சிறு கருக்களை எழுப்ப முடிகிறது. 2001இல் இந்தியாவில் காங்ரா வகைத் தேயிலையில் அந்த வழியாக மரபு மாற்றிய கன்றுகளை எடுத்துக் காட்டினார்கள். ஆனால் வித்திலை எங்கிருந்து வந்தது? விதையிலிருந்து. விதை என்றால் புதுக் கலவை, தகப்பன் தெரியாத பிள்ளை. டி.ஆர்.ஐ. 2025ஐத் திருத்த வேண்டுமென்றால் அதன் இலையிலோ தண்டிலோ இருந்துதான் கலம் எடுக்க வேண்டும். அதன் விதையில் எழுதினால் வேறொரு மரத்தில் எழுதியதாகும்.

இந்த இடத்தில்தான் கந்தோர்ப் பேச்சு உடைகிறது. மொட்டும் இலையும் உள்ள துண்டைக் கொடுத்தால் தேயிலை வேர்விடும். தனிக் கலத்தைக் கொடுத்தால் அடம்பிடிக்கும். நாளை யாராவது வழி கண்டுபிடிக்கலாம். கண்டுபிடித்தாலும் எதை எழுதுவது? கொப்புள நோய்க்கு நிற்கும் தன்மையும் வரட்சிக்கு நிற்கும் தன்மையும் ஒரு பரம்பரையலகில் உட்கார்ந்திருப்பதில்லை. பல இடங்களில் சிதறிக் கிடக்கின்றன, அவை எவை என்று அறிய, அந்தத் தன்மையுள்ள மரம் உயிரோடு வேண்டும். பார்த்து எழுத மூலப்பிரதியே இல்லாமல் பேனையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ஒரேமாதிரி நிற்பதன் விலையை இந்த மலைகளுக்கு வேறு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. 1869இல் கோப்பி இலையில் மஞ்சள் தூளாகத் தெரிந்த ஹெமிலியா என்ற பங்கசுத் துரு இருபது ஆண்டுக்குள் ஒரு தொழிலையே வாரிக்கொண்டு போயிற்று. 1946இல் கொப்புள நோய் தேயிலைக்கு வந்தபோது மலைகள் பெரும்பாலும் விதையில் வந்தவை. தாக்கம் கடுமையாகத்தான் இருந்தது, செம்பு மருந்தடித்துத்தான் பிழைத்தார்கள், ஆனாலும் தாக்குப்பிடிக்கும் மரமெது என்று தேடிப் பார்க்க மலையில் ஆயிரம் வகை நின்றது. அடுத்த நோய் வரும்போது தேட என்ன நிற்கும்?

பிடுங்குமுன்

பிடுங்காதே என்று சொல்வது வீண். வெற்றிடம் விழுந்து, மண் கழுவி, பறிப்பவருக்கு ஒரு நாள் சம்பளக் கணக்கு (பேர்) விழாத மலையை வைத்திருக்க முடியாது. சொல்வது ஒன்றுதான்: பிடுங்கும் திகதிக்கு ஒரு வருடத்துக்கு முன்பே வேலையைத் தொடங்க வேண்டும். பறித்துப் பறித்து மேசைபோல் தட்டையாக நிற்கும் மரத்தில் துண்டு வெட்ட வாது இருக்காது. மரத்தைத் தெரிந்து, கவ்வாத்துப் பண்ணி, ஓடவிட்டு, வெட்ட மாதங்கள் வேண்டும். கடைசி வாரம் நினைவுவந்து பயனில்லை.

எந்த மரம் என்று காட்ட இயந்திரம் தேவையில்லை. அதே நிரையில் இருபது வருடம் பறித்த பெண்ணிடம், "அக்கா, வெயில் காலத்துல எது கடைசி வரைக்கும் கொழுந்து குடுக்கும்?" என்று கேட்டால் விரலால் காட்டுவார். திம்புள்ள, ஹற்றன் பக்கமென்றால் பெப்ரவரியில் கேட்க வேண்டும். ஊவாப் பக்கம் ஓகஸ்டில். கொப்புளத்துக்கு நிற்கும் மரத்தைத் தென்மேற்கு மழையில், மருந்தடிக்காமல் விட்ட ஒரு மூலையில் பார்க்க வேண்டும். டிரேட்டனின் டிடி 1, கெனில்வர்த்தின் கென் 16/3 என்று தோட்டப் பெயரையே சுமந்து நிற்கும் குளோன்கள் இப்படி ஒருவர் கைகாட்டிய விதை மரங்களிலிருந்து வந்தவைதான். சும்மா பெரிதாக வளர்ந்த மரத்தைத் தெரிவது பொதுவான பிழை: பக்கத்தில் வெற்றிடம் இருந்தாலோ கான் (வடிகால்) ஓரமாக நின்றாலோ எந்த மரமும் பெருக்கும். நாலு பக்கமும் அயல்மரம் உள்ளதையே எடுக்க வேண்டும்.

ஒரு மரத்துக்கு முப்பது துண்டு போதும். அதில் இருபதாவது வேர்விடாவிட்டால் அந்த மரம் குணத்தில் எவ்வளவு உசத்தியானாலும் குளோனாகப் பரப்ப உதவாது. இனச்சேர்க்கைக்குத் தாயாக வைத்துக்கொள்ளலாம். வேர்விடும் இயல்பும் மரத்துக்கு மரம் மாறும் என்பதை மறந்து, தவறணைக்காரரைத் திட்டுவது பழக்கமாகிவிட்டது. துண்டு வெட்டும் அன்றே அந்த மரத்தின் மூன்று இளம் இலையைச் சிலிக்கா ஜெல்லில் போட்டுவிட வேண்டும். உடனே ஆய்வுகூடத்துக்கு அனுப்பக் காசில்லாவிட்டாலும் பரவாயில்லை, போத்தல் காத்திருக்கும், மரம் காத்திருக்காது. சிலிக்கா ஜெல்லின் நீல மணிகள் இளஞ்சிவப்பானால் ஈரம் ஏறிவிட்டது, மாற்ற வேண்டும். கன்றுகளை ஒரே தோட்டத்தில் வைக்காமல் இரண்டு இடத்தில், முடிந்தால் இரண்டு உயரத்தில், நடுவது நல்லது.

பையில் குத்தும் தகட்டில் தோட்டம், மலை இலக்கம், நிரை, மரத்தின் எண், வெட்டிய திகதி, காட்டித்தந்தவர் பெயர் எல்லாம் இருக்க வேண்டும். அலுமினியத் தகட்டில் ஆணியால் அழுத்தி எழுதினால் நிற்கும். மார்க்கர் பேனை ஒரு மழைக்காலம் தாங்காது. பெயர் போன கன்று தவறணை மூலையில் ஒரு வருடம் நின்று, பிறகு வெற்றிடம் நிரப்பப் போய்விடும்.